மண்வெட்டியால் உயர்ந்த தளபதி: தோத்லெபெனின் பணிவாழ்வு

கேள்வி இதுதான்: பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்யப் பேரரசின் படையில், பெரிய குடும்பப் பின்னணியோ அரசவைச் செல்வாக்கோ இல்லாத ஓர் அதிகாரி உச்சத்துக்குப் போக முடிந்ததா? அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் பொறியியல் படை அதிகாரி எடுவார்த் தோத்லெபெனின் உயர்வு, கிரைமியாவின் கருங்கடல் துறைமுகமான செவஸ்தோபோலில் 1854–55இல் நடந்த முற்றுகை தந்த அதிர்ஷ்டம் மட்டும்தானா?

முடிந்தது. ஆனால் அதை அதிர்ஷ்டம் என்று ஒரு சொல்லில் முடித்துவிட முடியாது. 1854 ஆகஸ்டில் லெப்டினன்ட் கர்னலாகச் செவஸ்தோபோலுக்குள் நுழைந்தவர் ஓராண்டுக்குள் மேஜர் ஜெனரலாகிவிட்டார் என்பது உண்மை. அந்த ஓராண்டுக்கு முன்னால் பதினெட்டு ஆண்டுகள் அவர் யார் கண்ணுக்கும் படாமல் மண் தோண்டக் கற்றுக்கொண்டிருந்தார் என்பதும் உண்மை. என் பார்வையில் இந்த மனிதரின் கதையில் கவனிக்க வேண்டியது வேறொன்று. ரஷ்யப் படை அவருக்குப் பதவி கொடுக்கத் தயங்கவில்லை. அவரிடம் யோசனை கேட்பதற்குத்தான் தயங்கியது. மற்ற வழியெல்லாம் அடைபட்ட பிறகே அவரைத் தேடியது.

முதலில் அந்தக் காலத்துப் பதவி உயர்வு எப்படி நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மகா பீட்டர் 1722இல் கொண்டுவந்த பதவிப் பட்டியலில் 14 படிகள் இருந்தன. ராணுவம், கடற்படை, அரசுப் பணி எதுவானாலும் அந்த ஏணியில்தான் ஏறியாக வேண்டும். குறிப்பிட்ட ஒரு படியை எட்டியவருக்குப் பரம்பரைப் பிரபுத்துவம் தானாகவே வந்து சேரும். அந்த எல்லை தொடக்கத்தில் மிகவும் கீழே இருந்தது; 1845இல் மேஜர் பதவிக்கும், 1856இல் கர்னல் பதவிக்கும் உயர்த்தப்பட்டது. ஏணி எல்லோருக்கும் பொது என்றாலும் ஏறும் வேகம் பொதுவாக இருக்கவில்லை. பேரரசரின் மெய்க்காவல் படைப் பிரிவுகளில் இருந்த அதிகாரி, சாதாரணக் காலாட்படையில் அதே பதவிப் பெயர் கொண்டவரைவிட இரண்டு படி மேலானவராகக் கருதப்பட்டார். பீரங்கிப் படைக்கும் பொறியியல் படைக்கும் ஒரு படி சலுகை இருந்தது. அதனால் பணமும் உறவும் உள்ள குடும்பத்துப் பிள்ளைகள் மெய்க்காவல் படையை நாட, கணக்கும் வரைகலையும் வந்த நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள் பொறியியல் படையை நாடினார்கள். சமாதான காலத்தில் மேலே இருப்பவர் ஓய்வு பெற்றாலோ இறந்தாலோதான் இடம் காலியாகும். போர் வந்தால் அந்தக் கணக்கெல்லாம் மாறிவிடும்.

தோத்லெபென் 1818 மே மாதம் பால்டிக் பகுதியில், இன்றைய லாத்வியாவில் யெல்காவா எனப்படும் மித்தாவ் நகரில் பிறந்தார். ஜெர்மன் மொழி பேசும் வணிகக் குடும்பம், வளர்ந்தது ரீகாவில். பால்டிக் ஜெர்மானியர்கள் ரஷ்யப் படையில் ஏராளமாக இருந்ததால் அவருடைய பெயரோ சமயமோ யாருக்கும் வியப்பளிக்கவில்லை. வணிகர் மகன் என்பது மட்டும் சற்று மாற்றுக் குறைவாக இருந்திருக்கும். பீட்டர்ஸ்பர்க்கின் தலைமைப் பொறியியல் பள்ளியில் சேர்ந்தார். முதலாம் பவேல் பேரரசர் 1801இல் கொலையுண்ட அதே மிகாய்லோவ்ஸ்கி மாளிகையில்தான் அந்தப் பள்ளி நடந்தது. சில ஆண்டுகள் கழித்துத் தஸ்தயேவ்ஸ்கியும் அங்கேயே மாணவராகச் சேர்ந்தார். இதயக் கோளாறு காரணமாகத் தோத்லெபெனால் படிப்பை முழுமையாக முடிக்க முடியவில்லை; 1836இல் ரீகாவுக்குத் திரும்பி அங்கேயே சாதாரணப் பணியில் அமர்ந்தார். பதவிப் பட்டியலின் கணக்குப்படி பார்த்தால் அது ஒரு கோட்டைப் பொறியாளராகத் தொடங்கி அப்படியே ஓய்வு பெற்றுவிடக்கூடிய வாழ்க்கை.

அதை மாற்றியவர் கார்ல் ஷில்தர் என்ற தளபதி. 1834இலேயே இரும்பால் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றைக் கட்டிச் சோதித்துப் பார்த்த, ஓயாமல் புதியதைத் தேடிய மனிதர் அவர். மண்ணுக்கடியில் குழாய் வடிவத் துளையிட்டு வெடிமருந்தைச் செலுத்தி, எதிரி தோண்டிவரும் சுரங்கத்தை அழிக்கும் முறை ஒன்றை அவர் வகுத்திருந்தார். அதைச் சோதிக்கும் பொறுப்பைத் தோத்லெபெனிடம் ஒப்படைத்தார். இளம் அதிகாரி ஒரு சிறு பொறியியல் படைக் குழுவுடன் கீவ் நகரில் நெடுங்காலம் தங்கி அந்த வேலையைச் செய்தார். எந்த மண் எவ்வளவு வெடிமருந்துக்கு எப்படிப் பிளக்கும், எத்தனை அடி ஆழத்திலிருந்து கடப்பாரைச் சத்தம் காதுக்கு எட்டும் என்பவற்றைத் தன் கையால் தெரிந்துகொண்ட காலம் அது. பதக்கம் தரும் வேலை அல்ல. ஆனால் பிற்காலத்தில் அவர் செய்த எல்லாவற்றுக்கும் விதை அங்கேதான் விழுந்தது.

1848இல் காக்கசஸ் மலைப் போருக்கு அனுப்பப்பட்டார். கெர்கெபில், சோக் ஆகிய தாகெஸ்தான் மலையூர்களின் முற்றுகைகளில் பணியாற்றினார். துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே பாறை மண்ணில் பதுங்குகுழி வெட்டிக்கொண்டு போவது எப்படி என்ற பாடம் அங்கே கிடைத்தது. 1854இல், துருக்கிக்கும் அதன் கூட்டாளிகளான பிரிட்டன், பிரான்சுக்கும் எதிரான கிரைமியப் போரில், தன்யூப் ஆற்றுப் போர்முனையில் மீண்டும் ஷில்தருடன் சேர்ந்து சிலிஸ்திரியா கோட்டை முற்றுகையில் இறங்கினார். ஜூன் மாதம் ஷில்தர் காலில் படுகாயமடைந்து இறந்துபோனார். பணியைத் தோத்லெபென் தொடர்ந்தார். ஆனால் ஆஸ்திரியாவின் மிரட்டலால் ரஷ்யப் படை முற்றுகையைக் கைவிட்டுப் பின்வாங்கியது. ஆதரித்த பெரியவரும் போய்விட்டார், எடுத்த காரியமும் பாதியில் நின்றது. அந்த நிலையில்தான் தன்யூப் படைத்தளபதி இளவரசர் கர்ச்சக்கோவ் அவரைக் கிரைமியாவுக்கு அனுப்பினார்.

கிரைமியாவின் தளபதி மென்ஷிகோவ் அவரை வரவேற்ற விதம் பலரால் எடுத்துச் சொல்லப்படுவது. தன்னிடமே ஒரு பொறியியல் படைப்பிரிவு இருப்பதைக் கர்ச்சக்கோவ் மறந்துவிட்டார் போலும், களைப்பாறிவிட்டுத் தன்யூபுக்கே திரும்பலாம் என்ற பொருளில் அவர் பேசியதாகச் சொல்வார்கள். சொற்கள் எப்படி இருந்தாலும் மென்ஷிகோவின் மனநிலை அதுதான்: எதிரி இந்த ஆண்டு இறங்க மாட்டான் என்று அவர் நம்பினார். தோத்லெபென் திரும்பிப் போகவில்லை. சில வாரங்களிலேயே பிரிட்டன், பிரான்ஸ், துருக்கிப் படைகள் இறங்கின. செப்டம்பர் 20இல் அல்மா ஆற்றங்கரையில் ரஷ்யப் படை தோற்றது. (இங்கே தரும் நாள்கள் இன்றைய நாட்காட்டிப்படியானவை; அக்கால ரஷ்ய ஆவணங்களில் 12 நாள் குறைவாக இருக்கும்.)

செவஸ்தோபோல் கடல்பக்கம் வலுவாகவும் தரைப்பக்கம் ஏறக்குறையத் திறந்தும் கிடந்த நகரம். கூட்டணிப் படை வடக்கிலிருந்து வந்த வேகத்திலேயே தாக்காமல், நகரைச் சுற்றிக்கொண்டு தெற்குப் பக்கம் போனது. அங்கேயும் உடனே பாயாமல், கப்பலிலிருந்து முற்றுகைப் பீரங்கிகளை இறக்கக் காத்திருந்தது. வடபகுதியை அப்போதே தாக்கியிருந்தால் அதைக் காப்பாற்றியிருக்க முடியாது என்று, பின்னாளில் தன் மேற்பார்வையில் எழுதப்பட்ட முற்றுகை வரலாற்றில் தோத்லெபெனே ஒப்புக்கொள்கிறார். ஆகவே அதிர்ஷ்டம் என்று சொல்ல வேண்டுமானால், எதிரி கொடுத்த அந்த மூன்று வாரங்களைச் சொல்லலாம். அந்த மூன்று வாரங்களை என்ன செய்தார் என்பதுதான் அவருடைய திறமை.

முறையான கோட்டை கட்ட நேரமில்லை என்பதை அவர் முதல் நாளே ஏற்றுக்கொண்டார். கற்சுவர், முழுமையான வடிவம், நூல் பிடித்த கோணங்கள் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, எதிரி வரக்கூடிய ஒவ்வொரு வழியிலும் எவ்வளவு பீரங்கிக் குண்டையும் துப்பாக்கிக் குண்டையும் கொட்ட முடியும் என்ற ஒரே கேள்வியிலிருந்து தொடங்கினார். மண்ணை வெட்டி மேடாக்கு, பீரங்கியை ஏற்று, சுட ஆரம்பித்துவிடு, பிறகு மேட்டை உயர்த்து: இதுதான் வரிசை. துறைமுக வாயிலை அடைப்பதற்காகச் செப்டம்பர் 23இல் ரஷ்யர்கள் தங்கள் போர்க்கப்பல்களில் ஏழைத் தாங்களே மூழ்கடித்தார்கள். கப்பலை இழந்த மாலுமிகளும் கப்பற் பீரங்கிகளும் கரைக்கு வந்தார்கள். கடற்படைத் தளபதி கர்னீலவ் ஆள்களையும் பொருள்களையும் திரட்டித் தந்தார். மாலுமிகள், சிறைக்கைதிகள், நகரத்துப் பெண்கள், சிறுவர்கள் என எல்லோரும் முறை வைத்து வேலை செய்தார்கள். இரவில் விளக்கு வெளிச்சத்திலும் மண் சுமந்தார்கள். பெண்கள் எழுப்பிய ஒரு பீரங்கி மேட்டுக்குக் ‘கன்னியர் மேடு’ என்றே பெயர் வந்துவிட்டது.

அக்டோபர் 17இல் முதல் பெருங்குண்டுவீச்சு தொடங்கியபோது தரைப்பக்கத்தில் 300க்கும் மேற்பட்ட பீரங்கிகள் நின்றன. அன்று பாதுகாப்பு வரிசையின் முக்கிய அரணான மலாக்கவ் குன்றில் கர்னீலவ் கொல்லப்பட்டார். மூன்றாம் கொத்தளத்தில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து அந்த இடமே சின்னாபின்னமானது. மறுநாள் காலையில் பிரிட்டிஷ் படை பார்த்தபோது அந்தக் கொத்தளம் மீண்டும் எழுந்து நின்று சுட்டுக்கொண்டிருந்தது. மண்மேட்டின் பெருமை இதுதான்: கற்சுவர் உடைந்தால் உடைந்ததுதான், மண் சரிந்தால் இரவோடு இரவாக அள்ளிப் போட்டுவிடலாம். பீரங்கி வாய்ப்புறத்தில் கப்பல் வடக்கயிற்றைத் தடிமனாகப் பின்னித் தொங்கவிட்டு, எதிரியின் துப்பாக்கிக் குண்டு உள்ளே பாயாமல் மாலுமிகள் தடுத்தார்கள். நூல்களில் படித்த அரணியலோடு மாலுமியின் கைவேலையும் கலந்த பாதுகாப்பு அது.

இதைவிட எனக்கு வியப்பளிப்பது நான்காம் கொத்தளத்தின் அடியில் நடந்த போர். (மேலே நின்ற பீரங்கிப் படையில் அப்போது லேவ் தல்ஸ்தோய் (டால்ஸ்டாய்) என்ற இளம் அதிகாரியும் இருந்தார்.) பிரெஞ்சுக்காரர்கள் பாறைக்கு நடுவே ஓடும் களிமண் அடுக்கைப் பிடித்துச் சுரங்கம் வெட்டிவந்து கொத்தளத்தைத் தகர்க்கத் திட்டமிட்டார்கள். அவர்கள் அப்படித்தான் வருவார்கள் என்று எதிர்பார்த்த தோத்லெபென், அந்த அடுக்கு இருக்கும் ஆழத்தைக் கிணறு தோண்டிக் கண்டுபிடித்து, அங்கிருந்தே எதிர்ச்சுரங்கங்களைப் பரப்பினார். பின்னர் அதற்கும் கீழே இன்னொரு களிமண் அடுக்கு இருப்பதையும் பயன்படுத்தினார். மெல்னிகவ் என்ற கேப்டன் அந்த வேலையை நடத்தினார். மூச்சுத் திணறும் இருட்டில் மாதக்கணக்கில் கிடந்த அவரைச் சக வீரர்கள் ‘பெரிய அகழெலி’ என்று அழைத்தார்கள். சுவரில் காதை வைத்து எதிரியின் கடப்பாரை எந்தத் திசையில் விழுகிறது என்று கேட்பதுதான் அங்கே உளவு. கேட்டபின் அளந்து வெடிமருந்து வைத்து, மின்கம்பி வழியாகக் கொளுத்துவார்கள். ரஷ்யர்கள் ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் வெட்டினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வெட்டியது அதில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது, ஆனால் செலவிட்ட வெடிமருந்து பல மடங்கு. நான்காம் கொத்தளம் சுரங்கத்தால் விழவேயில்லை. கீவ் நகரில் யாரும் கவனிக்காத அந்த ஆண்டுகளுக்கு இங்கே விடை கிடைத்தது.

1855 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இன்னொரு துணிச்சலும் செய்தார். முற்றுகையிடப்பட்டவர் சுவருக்குள் ஒடுங்குவதுதான் வழக்கம். இவர் தன் வரிசைக்கு முன்னால், எதிரியை நோக்கி, சிலெங்கின்ஸ்க், வோலின் அரண்களையும் கம்சாத்கா அரணையும் வெவ்வேறு இரவுகளில் ஒவ்வொன்றாக எழுப்பினார். அவற்றைப் பிடிக்கவே கூட்டணிப் படைக்கு ஜூன் 7 வரை ஆயிற்று. ஜூன் 18இல் மலாக்கவ் மீதும் மூன்றாம் கொத்தளம் மீதும் நடந்த பெருந்தாக்குதல் முறியடிக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்துத் தோத்லெபென் காலில் குண்டடி பட்டார். அதன்பின் பாதுகாப்பின் தரம் குறைந்ததா என்று கேட்டால், குறைந்தது என்றே சொல்வேன். இருந்தாலும் எல்லாவற்றையும் அவர் இல்லாததன்மேல் போடுவது நியாயமாகாது. மலாக்கவ் அரணின் பின்புறத்தையும் மூடியே கட்டியிருந்தார்கள். செப்டம்பர் 8 நண்பகலில், 25 மீட்டர் தூரம் வரை பதுங்குகுழி வெட்டி வந்திருந்த பிரெஞ்சுக்காரர்கள் உள்ளே பாய்ந்தபோது, அந்த மூடிய பின்புறமே ரஷ்யர்கள் மீண்டும் நுழைய முடியாதபடி தடுத்தது. 349 நாள் நீடித்த பாதுகாப்பு முடிந்தது.

இந்த ஓராண்டில் அவர் கர்னலாகவும் மேஜர் ஜெனரலாகவும் உயர்ந்து, பேரரசரின் துணைத்தளபதி என்ற மதிப்பும் பெற்றார். செவஸ்தோபோலில் செய்த ஒரு மாதப் பணி ஓராண்டுப் பணியாகக் கணக்கிடப்படும் என்று முதலாம் நிக்கலாய் பேரரசர் 1854 டிசம்பரில் ஆணையிட்டிருந்தார். அந்தச் சலுகை நகரத்தில் இருந்த எல்லோருக்கும் பொது. ஆனால் கர்னீலவ், இஸ்தோமின், நஹீமவ் ஆகிய மூன்று கடற்படைத் தளபதிகளும் அங்கேயே மாண்டார்கள். உயிரோடு வெளிவந்த பெயர்களில் முதன்மையானது தோத்லெபெனுடையது.

அந்தப் புகழைத் தேடி 1856 மார்ச்சில் சைபீரியாவின் செமிபலாதின்ஸ்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அரசியல் குற்றத்துக்காகக் கடுஞ்சிறைத் தண்டனை முடித்துச் சாதாரணப் படைவீரராகப் பணியாற்றிக்கொண்டிருந்த தஸ்தயேவ்ஸ்கி எழுதியது. பொறியியல் பள்ளிக் காலத்தில் அவர் தோத்லெபெனின் தம்பிக்கு நண்பர். அரசியல் குற்றவாளிக்காக வாய் திறப்பது புதுத் தளபதிக்கு நல்லதல்ல. தோத்லெபென் திறந்தார். அந்த ஆண்டு அக்டோபரில் தஸ்தயேவ்ஸ்கிக்கு மிகக் கீழ்நிலை அதிகாரிப் பதவி கிடைத்தது. அதிலிருந்துதான் அவர் எழுத்துலகுக்குத் திரும்பும் வழி பிறந்தது.

அடுத்த இருபது ஆண்டுகளை விரைவாகக் கடந்துவிடலாம். நிக்கலாயெவ், குரோன்ஷ்தாத் கோட்டைகளை வலுப்படுத்தினார், மேற்கு ஐரோப்பியக் கோட்டைகளைச் சுற்றிப் பார்த்தார், 1859இல் பொறியியல் துறையின் இயக்குநரானார். பிறகு பொறியியல் படையின் தலைமை ஆய்வாளராக இருந்த இளவரசர் நிக்கலாய் நிக்கலாயெவிச்சுக்குத் துணையாக அமர்ந்தார். நடைமுறையில் வேலை இவருடையது, பெயர் இளவரசருடையது. லித்துவேனியாவின் கேதைனியாயில் ஒரு பண்ணையை வாங்கி, பிற்காலத்தில் அதன் பூங்காவில் துருக்கிப் பாணியில் ஒரு மினாரும் கட்டினார்; அது இன்றும் நிற்கிறது.

1877இல் துருக்கியுடன் போர் மூண்டபோது அதே இளவரசர்தான் தன்யூப் படையின் தலைமைத் தளபதி. நாட்டிலேயே முற்றுகைப் போர் அதிகம் தெரிந்தவரை அவர் உடன் அழைத்துச் செல்லவில்லை. விளைவு பல்கேரியாவின் பிளெவ்னா நகரில் தெரிந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் தோத்லெபென் செய்ததையே துருக்கித் தளபதி உஸ்மான் பாஷா அங்கே செய்திருந்தார்: மண்ணை வெட்டி மேடுகள் எழுப்பி, விரைவாகச் சுடும் துப்பாக்கிகளோடு உள்ளே அமர்ந்துகொண்டார். ஜூலை 20, ஜூலை 30, செப்டம்பர் 11–12 என மூன்று முறை ரஷ்யப் படை நேராகப் பாய்ந்தது. மூன்றாவது முறை ருமேனியரையும் சேர்த்து 15,000க்கும் மேற்பட்டோர் மாண்டோ காயமுற்றோ விழுந்தனர். ரஷ்யத் தளபதி ஸ்கோபெலெவ் தன் வீரர்களோடு இரண்டு அரண்களைப் பிடித்தும், துணைப்படை வராததால் மறுநாளே இழந்தார். பின்வாங்கிவிடலாம் என்ற பேச்சை ராணுவ அமைச்சர் மிலூத்தின் எதிர்த்தார். அதன் பிறகே பேரரசர் தோத்லெபெனை வரவழைத்தார். அப்போது அவருக்கு வயது 59.

அவர் சுற்றிப் பார்த்துச் சொன்னது எளியது: நான்காவது தாக்குதல் கிடையாது, பட்டினி போடுவோம். பெயரளவில் ருமேனிய இளவரசர் கரோலுக்கு உதவியாளராக இருந்துகொண்டே முற்றுகையை அவர் நடத்தினார். சோபியா சாலை வழியாகத்தான் உள்ளே உணவும் குண்டும் போய்க்கொண்டிருந்தன. அதை அறுக்கும் பணி தளபதி குர்கோவுக்குப் போயிற்று. அக்டோபர் 24இல் அந்தச் சாலையைக் காத்த துருக்கி அரணான கோர்னி துப்னியக் நேரடித் தாக்குதலில் வீழ்ந்தபோது ரஷ்யர்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தனர். அன்றே அதே சாலையில் இருந்த தெலிஷ் அரண் மீது நடந்த தாக்குதல் தோற்றது. நான்கு நாள் கழித்து அதே தெலிஷைப் பீரங்கிகளால் மட்டும் சுற்றிவளைத்துச் சுட்டார்கள், அது சரணடைந்தது. இரண்டு முறைகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட இதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது. டிசம்பர் 10இல் உஸ்மான் பாஷா முற்றுகையை உடைத்து வெளியேற முயன்று, காயம்பட்டு, 40,000க்கும் மேற்பட்டோருடன் சரணடைந்தார்.

1878 ஏப்ரலில் இளவரசர் நிக்கலாய் நிக்கலாயெவிச்சுக்குப் பதிலாகத் தோத்லெபெனே தலைமைத் தளபதியானார். கான்ஸ்டான்டிநோபிளின் வாசலில், நோயால் மெலிந்துகொண்டிருந்த படையோடு, பிரிட்டிஷ் கப்பல்களைப் பார்த்தபடி நின்ற நேரம் அது. நகரைப் பிடித்துவிட வேண்டும் என்று துடித்தவர்கள் பலர்; பிடித்தால் வைத்துக்கொள்ள முடியாது என்று கணக்குப் போட்டவர் இவர். படையை ஒழுங்காகத் திருப்பிக் கொண்டுவரும் பணியைச் செய்தார். அதற்கு யாரும் சிலை வைப்பதில்லை என்றாலும், என் மதிப்பீட்டில் அது சரியான முடிவு.

இந்த இடத்தில் அவர் ஓய்வு பெற்றிருந்தால் பணிவாழ்வு கறையின்றி முடிந்திருக்கும். 1879 ஏப்ரலில் இரண்டாம் அலெக்சாந்தர் பேரரசரைச் சுட்டுக் கொல்ல முயற்சி நடந்ததும், பெயர்பெற்ற தளபதிகளுக்கு அளவற்ற அதிகாரம் தந்து தற்காலிக ஆளுநர்களாக அனுப்பினார்கள்: பீட்டர்ஸ்பர்க்குக்குக் குர்கோ, கார்கிவுக்கு லோரிஸ்-மெலிகோவ், ஒதெஸாவுக்குத் தோத்லெபென். ஒதெஸாவில் அவர் காலத்தில் விசாரணையின்றி நாடுகடத்தல் சாதாரணமானது. அந்த ஆகஸ்டில் ராணுவ நீதிமன்றம் தூக்கிலிட்டவர்களில் த்மீத்ரி லிசகூப்பும் ஒருவர். யாரையும் கொல்லாதவர், தன் சொத்தைப் புரட்சிக் குழுவுக்குக் கொடுத்ததே அவர் குற்றம். நிர்வாகத்தை உண்மையில் நடத்தியவர் பனியூத்தின் என்ற அவருடைய அதிகாரி என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். கையொப்பம் தோத்லெபெனுடையது. ஒரு கைதிக்காக 1856இல் பேரரசரிடம் பேசியவர் இங்கே அப்படி யாருக்காகவும் பேசியதாகத் தெரியவில்லை. அதே 1879இல்தான் அவருக்குக் கோமகன் பட்டமும் கிடைத்தது. பதவிப் பட்டியலின் மொழியில் மித்தாவ் வணிகர் மகனின் ஏற்றம் அத்துடன் முழுமை பெற்றது.

1880இல் வில்னாவின் (இன்றைய வில்னியுஸ்) ஆளுநராக மாற்றப்பட்டார்; உடல்நலம் கெட்டு, 1884 ஜூலை 1இல் ஜெர்மனியின் பாத் சோதெனில் இறந்தார். செவஸ்தோபோல் முற்றுகையில் மாண்டவர்களின் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். 1909இல் நான்காம் கொத்தளம் இருந்த பகுதிக்கு அருகே அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பியபோது, அதன் பீடத்தைச் சுற்றி மண் வெட்டுவோரும் சுரங்கம் தோண்டுவோருமாகச் சாதாரணப் பொறியியல் படைவீரர்களையும் வடித்தார்கள்.